பன்னிரண்டாம் கட்டில் கூப்பிடுகிறது

ஜூன் 3
நாங்கள் பராமரிக்கும் மருத்துவமனை அழைப்புப் பலகையின் வலைப்பக்கத்தை, பிழை தேடும் கருவியில் போட்டுப் பார்த்தேன். நோயாளி பட்டனை அழுத்தினால் நர்ஸ் அறைத் திரையில் அவர் கட்டில் சிவக்கும், அவ்வளவுதான் பக்கம். நூற்றுப் பதினாறு பிழைகள். ஒவ்வொரு வரிக்கும் தனியாக இருக்க வேண்டிய அடையாளம்தான் ஐடி; அதற்குள் இடைவெளி, ஒரே ஐடி இரண்டு இடத்தில். பிரவுசர் ஒன்றுக்கும் முகம் சுளிக்கவில்லை. சம்பந்தி வீட்டில் சாப்பிடுபவரைப் போல, எதைப் பரிமாறினாலும் பிரமாதம் என்கிறது. மேலாளரிடம் காட்டினேன். "பக்கம் ஓடுதுல்ல? ஓடுறவனப் புடிச்சு வச்சு ஏம்ப்பா வைத்தியம் பாக்கற?"

ஜூன் 5
சித்தி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிவு. அதே மருத்துவமனையில் சேர்த்தோம். வார்டில் இடமில்லை; தாழ்வாரக் கோடியில், மறைப்புக்குப் பின்னால் கூடுதல் கட்டில் ஒன்று போட்டார்கள். பலகையிலும் சேர்த்தேன். பன்னிரண்டாம் கட்டிலின் வரியை நகலெடுத்து ஒட்டி, பெயரை மாற்றினேன். இரண்டு நிமிட வேலை. பெருமையாகக்கூட இருந்தது.

ஜூன் 6
பன்னிரண்டில் இருந்த அம்மாள் இறந்துவிட்டாராம்.

ஜூன் 7
தலைமை நர்ஸ் போன் செய்தார். "சார், காலிக் கட்டில் கூப்பிடுது."
"எது?"
"பன்னெண்டு. போய்ப் பாத்தா விரிப்புகூடக் கலையல. அணைச்சுட்டுத் திரும்பறதுக்குள்ள மறுபடி சிவக்குது. பொண்ணுங்க போகவே பயப்படுதுங்க."
ஒயரில் ஈரம் இருக்கும் என்றேன். நமக்குத்தான் பேய் நம்பிக்கை கிடையாதே.

ஜூன் 8
சித்தியைப் பார்த்தேன். "அழுத்தி அழுத்திக் கட்டைவிரலே வீங்கிப்போச்சுடா. ஒருத்தியும் எட்டிப் பாக்கல. நான் இருக்கேனா இல்லையான்னு எனக்கே சந்தேகம்."
"நீ இல்லாம என்னை யாரு திட்டுறதாம்?"
சிரித்தாள். மூச்சு வாங்கியது. நர்ஸிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூன் 9
காலை பதினொரு மணி. தேநீரைக் கையில் எடுத்தேன் — காலிக் கட்டில். கட்டைவிரல். ஐயோ.
பெயரை மாற்றினேன். ஐடியை? மாற்றினேனா? இல்லை. இரண்டு வரிக்கும் ஒரே ஐடி. பிரவுசர் ஒரு கேள்வி கேட்கவில்லை. முதலில் இருந்த பன்னிரண்டை எடுத்துக்கொண்டது. சித்தி அழுத்த அழுத்த, செத்தவர் கூப்பிட்டிருக்கிறார்.
போனில் கத்தினேன். "தாழ்வாரத்துக் கட்டில்! ஓடுங்க!" நர்ஸ் ஓடினார். திரும்பப் போனை எடுத்துப் பேசியவர் டாக்டர்.

ஜூன் 13
ஐடியைத் திருத்தியாயிற்று. தாழ்வாரத்துக்குப் புதிதாக வந்த பெண் அழுத்தினால், நர்ஸ் நேரே அவளிடம் போகிறார்.
சித்தி மகள் கேட்டாள்: "அம்மா கடைசியா யாரையாவது கூப்பிட்டாங்களாண்ணா? அந்தப் பலகைல பதிவாகியிருக்குமே?"
பார்த்தேன். பன்னிரண்டாம் கட்டில், ஒன்பதாம் தேதி, காலை ஒன்பதே காலிலிருந்து நாற்பத்தோரு முறை. சித்தியின் கட்டிலுக்கு நேரே ஒன்றுமில்லை.
"கூப்பிடவே இல்லம்மா" என்றேன். பதிவேடும் அதையேதான் சொல்கிறது.