ஓடக்காரி திருப்பி அனுப்பிய பதக்கம்

திரு நிலைக்க. தாழையாற்றின் இரு கரையும் ஆளும் மாநெடுவேள் மன்னர் திருவாய்மொழிந்தருள, ஓலைநாயகம் அரவணையான் எழுத்து. அக்கரைக் கூற்றத் தலைவர் வேட்டங்கோனார் நலமுடன் காண்க. மீட்ட மண்ணில் மழையும் விளைவும் குறையாதிருக்க.

பதினோராண்டு பகைவர் வசம் கிடந்த அக்கரையில் அஞ்சாது நின்றோர்க்கென அடித்த பதக்கங்களுள், ஓடக்காரி சேந்திக்கு உரியது அரண்மனைக்கே திரும்பி வந்தது. அவையோர் வெகுண்டனர். மன்னரோ, வாளும் வெற்றிமாலையும் பொறித்த அப்பொன்வட்டை உள்ளங்கையில் வைத்துப் புரட்டிப் பார்த்தார். அவர் நெஞ்சு பழைய துறைக்கே போய்விட்டது.

அக்கரையை இழந்த நாளில், இளவரசராய் அவர் சேந்தியின் ஓடத்தில்தான் இக்கரை சேர்ந்தார். ஏறிய பதற்றத்தில், கரையில் நின்ற மக்களிடம் "போகிறேன்" என்று சொல்லிவிட்டார். சேந்தி துடுப்பைக் கீழே வைத்துவிட்டாள். பகைவர் குதிரைப் புழுதி தெரிந்த பின்னும், "போய் வருகிறேன்" என்று அவர் திருத்திச் சொல்லும்வரை ஓடம் அசையவில்லை. பிறகு வழியெல்லாம் உள்ளே ஏறிய நீரைச் சிரட்டையால் இறைக்கும் வேலையும் அவருக்கே வாய்த்தது. அவள் பிடிவாதத்தை நினைத்து மன்னர் இன்றும் சிரிக்கிறார். சிரித்த கையோடு கண்ணையும் துடைத்துக்கொள்கிறார்.

அந்தச் சொல்லே அக்கரையார்க்குப் படைக்கலம் ஆயிற்று. சந்தையிலும் கிணற்றடியிலும் பிரியும்போதெல்லாம் அதை உரக்கச் சொன்னார்கள். பகைவர் தடை விதித்து, சொன்னவரைச் சிறையிட்டனர். சேந்தியின் கணவன் எயினன் விலங்கோடு நடக்கும்போதும் அதையே சொல்லிப் போனான். அவன் வரவில்லை.

பதக்கத்தோடு அவள் சொல்லியனுப்பியது இது: தன்னிடம் வருவதாகச் சொல்லிப் போனவர் இருவர், ஒருவர் இனி வர இயலாது, மற்றவரோ மண்ணை மீட்டு இரண்டாண்டாகியும் படையை அனுப்பினார், அதிகாரியை அனுப்பினார், இப்போது பொன்னையும் அனுப்பினார், தாம் மட்டும் வரவில்லை.

இதைக் கேட்டு மன்னர் வெட்கினார். அதை மறைக்காமல் எழுதச் சொன்னவரும் அவரே.

ஆகவே கட்டளை. வாளை அழித்து, எயினன் சொல்லிப் போன சொல்லைப் பொறித்துப் பதக்கங்கள் யாவும் புதிதாய் அடிக்கப்படும். தை முதல் நாள் காலை மன்னர் இக்கரைத் துறையில் தனியே நிற்பார். பந்தலும் முரசும் வேண்டா. சேந்தியின் ஓடமன்றி வேறெதுவும் அவரை ஏற்றலாகாது. சிரட்டையும் அதில் இருக்கட்டும். பதக்கத்தை வாங்குவதும் மறுப்பதும் அவள் விருப்பம். அதற்கு முன், "வந்துவிட்டேன்" என்று ஒருமுறை சொல்ல மன்னர்க்கு இடம் தருமாறு அவளைக் கேட்டுக்கொள்க.

நாரை இலச்சினை இட்டது. இவ்வோலை உமக்கு ஆணை; சேந்திக்கு வேண்டுகோள்.