மகளின் காருக்கு ஆள் தேடிய மாதம்

மார்ச் 3
மகள் என் ஷெட்டில் விட்டுச்சென்ற காரின் துணியை இன்றுதான் விலக்கினேன். மாதக் கடைசியில் அவள் வெளிநாட்டு வேலைக்குப் போகிறாள். அதற்குள் விற்றுத் தர வேண்டும். "நான் நின்னா விக்க மனசு வராது. நீங்களே நல்ல கையா பாத்துக் குடுங்கப்பா" என்றாள் தொலைபேசியில். ஜப்பான் கார், இரண்டே கதவு, டர்போ. ஒன்பது வருடமாக ஒவ்வொரு பாகமாக மாற்றியிருக்கிறாள். ஒன்பது வருடமாக "ஒரு ரவுண்டு வாங்கப்பா" என்று கூப்பிட்டும் இருக்கிறாள். நான் ஏறியதில்லை. முதுகுவலி என்று சொல்லிவந்தேன். பயம்தான்.

மார்ச் 5
சாவியை எடுத்துவிட்டேன், எஞ்சின் நிற்கவில்லை! சாவி என் கையில். கார் உறுமிக்கொண்டே இருக்கிறது. எதைக் கெடுத்தேன்? பதறிப்போய் அவளை அழைத்தேன். சிரித்துத் தீர்த்தாள். "அது டர்போ டைமர்ப்பா. சூடான டர்போவ சட்டுனு நிறுத்தினா உள்ள எண்ணெய் கருகிடும். அதான் ஒரு நிமிஷம் ஓடி தானா அடங்கும்." எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளி வேகம் தரும் அந்த டர்போவைச் சுழற்றுவதே எஞ்சின் கழிக்கும் புகைதானாம். வீணாய்ப் போவதைப் பிடித்து வேலை வாங்குகிறார்கள்! முதலில் யாருக்குத் தோன்றியிருக்கும்?

மார்ச் 9
வானிலை நிலையத்தில் முப்பத்தொரு ஆண்டு அளவு குறித்த கை சும்மா இருக்குமா? எண்ணெய்ச் சூடு காட்டும் முள் அறுபதைத் தொட பதினான்கு நிமிடம். அதுவரை அழுத்தி மிதிக்கவே கூடாதாம்.

மார்ச் 14
செல்போன் கடைக்காரர் வந்தார். கேட்ட விலைக்கே சம்மதம். எஞ்சின் உயிர் பெற்றதும் முழு மிதி. முள் அசையக்கூட இல்லை.
"கொஞ்சம் சூடாகட்டுங்க..."
"என்ன பெரிசு, வண்டிக்கு வெந்நீர் வெக்கணுமா?" மறுபடி மிதி.
"விக்கறதா இல்லைங்க."
நானா சொன்னேன்? "அப்புறம் எதுக்கு விளம்பரம் போட்டீங்க?" என்றார். நியாயமான கேள்வி. ஷெட்டின் பூட்டைத் தேடினேன்.

மார்ச் 17
யாரும் வரவில்லை. அவசரப்பட்டுவிட்டேனோ?

மார்ச் 20
ஒரு பல் மருத்துவர் வந்தார், பெண்மணி. பானட்டைத் திறந்து, வாய்க்குள் பார்க்கும் அந்தச் சின்னக் கண்ணாடியாலேயே டர்போவின் அடிப்பக்கம் பார்த்தார். "பயப்படாதீங்க சார், எதையும் பிடுங்க மாட்டேன்." முள் ஏறும்வரை பதினான்கு நிமிடமும் கை கட்டிக் காத்திருந்தார். ஓட்டிப் பார்க்கையில் என்னையும் ஏறச் சொன்னார். பொறுப்பு என்னுடையது, மறுக்க வழியில்லை. முதலில் ஒன்றுமில்லை. பிறகு டர்போவின் விசில் — யாரோ என்னை இருக்கையோடு சேர்த்து அழுத்தினாற்போல். "இன்னொரு தடவை" என்றேன். ஆம், நான்தான்.
விற்றாயிற்று.

மார்ச் 21
மகளிடம் எல்லாம் சொன்னேன், ஏறியதையும். "யாரோ கூப்பிட்டா ஏறுவீங்க. நான் ஒன்பது வருஷமா கூப்பிட்டேனேப்பா." வைத்துவிட்டாள்.
என்னையே திட்டிக்கொண்டேன்: மடையா. அதைப் போய்ப் பெருமையா சொன்னியே. இனி எதுல ஏறுவே?

மார்ச் 24
பல் மருத்துவருக்குக் கடிதம் — மூன்று வரைவு. மூன்றும் சரியில்லை, கிளினிக்குக்கே போனேன். பல் வலி என்று எண்ணி, பேசுமுன் நாற்காலியில் சாய்த்துவிட்டார்கள். மறுக்கக் கூச்சம். அவர் பல் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்த பிறகுதான் கேட்டேன்: ஒரே ஒரு காலைக்குக் காரைத் தர முடியுமா, மகளுக்காக.
"இதுக்கா இவ்வளவு நேரம் வாயத் தொறந்துட்டு இருந்தீங்க!"

மார்ச் 28
மருத்துவர் தந்த காரை, இந்தமுறை நான் கூப்பிட, மகள் வந்து ஓட்டினாள். நீள் சாலை வந்ததும் என்னைப் பார்த்தாள்.
"பயமா இருக்காப்பா?"
"இருக்கு. நீ மிதி."