புரண்டு படுக்கும் வைத்தியம்

மகள் வீட்டில் இருக்கும் என் வீட்டுக்காரிக்கு,

போனில் சொன்னால் பாப்பாவைப் போட்டுவிட்டு ஓடி வருவாய். அதனால்தான் எழுதுகிறேன். நீ கிளம்பிப் போன பிறகு எனக்கு மூத்திரத்தில் ரத்தம் வந்தது. சூடு என்று நினைத்தேன். மூத்திரப்பையில் புற்றுக்கட்டியாம். சுரண்டி எடுத்துவிட்டார்கள், பதறாதே.

இப்போது வாரம் ஒருமுறை ஊதா நிற மருந்து ஒன்றைக் குழாய் வழியாகப் பைக்குள் விடுகிறார்கள். மண்ணில் வாழும் கிருமியிலிருந்து எடுத்ததாம். மிச்சமிருக்கும் புற்றணுக்கள் இரண்டாகப் பிரிய முடியாதபடி உள்ளே முடிச்சுப் போட்டுவிடுமாம். மருந்தின் வேலை பையோடு முடிந்துவிடுவதால் முடி கொட்டாது. கொட்ட என்ன இருக்கிறது என்று கேட்காதே.

மருந்து கலந்த மூத்திரம் தெறித்தால் தோல் புண்ணாகும் என்று உட்கார்ந்துதான் போகச் சொல்கிறார்கள். நம் பாத்ரூமை இவ்வளவு சுத்தமாக நீ பார்த்திருக்கவே மாட்டாய்.

மருந்து எல்லா இடத்திலும் பட வேண்டுமே, அதற்காக ஒரு மணி நேரம் அடக்கிக்கொண்டு மல்லாக்க, குப்புற, இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று மாறி மாறிப் படுக்க வேண்டும்.

"வீட்டுக்குப் போய் நல்லாப் புரளுங்க சார்" என்றாள் நர்ஸ்.

"இதுக்குத்தாம்மா என் பொண்டாட்டி இத்தனை வருஷமா என்னைத் திட்டுறா."

சிரித்தாள். "அவங்க கூட வரலையா?" என்றாள். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்துவிட்டேன்.

அவசரமில்லை. பாப்பாவுக்குத் தலை நின்றதும் வந்தால் போதும்.

கட்டில் முழுக்க எனக்குத்தான், கேட்பாரில்லை. ஆனாலும் உன் பக்கம் திரும்பும்போது மட்டும், நீ விழித்துக்கொள்வாயோ என்று மெதுவாகத்தான் திரும்புகிறேன்.

இப்படிக்கு,
உன் தூக்கத்தைக் கெடுப்பவன்