அப்பாவின் தலைப்பாகை

சிபியிலிருந்து,
வியாழக்கிழமை

அன்புத் தம்பி தோஸ்தேனுக்கு, அக்கா கிராநாஸ் எழுதுவது.

வாசலுக்கு வந்தவரிடம் தண்ணீர் கொடுக்கும் முன்பே சேதி கேட்கிற ஜனம் நாம். ஊர் திரும்ப முடியாமல் நீ ஜெனீவாவில் கிடக்கிற இந்தப் பன்னிரண்டு வருஷமாக உன்னை யார் அப்படிக் கேட்டிருப்பார்கள்? நான் கேட்கிறேன். சாப்பிட்டாயா? முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போனை ஒட்டுக் கேட்கிறார்கள், அதனால்தான் கடிதம்; பதில் வர இரண்டு மாதமாகும், பரவாயில்லை.

இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. அப்பா போய் முப்பத்தொரு நாள் ஆகிவிட்டது. துக்கம் கேட்க வருகிற கூட்டம் ஓய்ந்து, கம்பளத்தில் இப்போது நாலைந்து கிழவர்கள்தான். நடுவில் மூத்த மகனான உன் இடத்தை மட்டும் விட்டுவிட்டு உட்காருகிறார்கள். நம் சின்னத் தம்பி ஷஹ்தாத், சர்க்காரோடு சேர்ந்து மந்திரியாகிவிட்டானே, அவன்கூட அங்கே உட்காரத் துணியவில்லை. முன்னால் ஒரு போலீஸ் வண்டி, பின்னால் ஒன்று என்று வந்து இறங்கினான். "என்னடா, செத்த அப்பாவையும் கைது பண்ணவா வந்தே?" என்று கேட்டேன். சிரித்தான், பிறகு என் மடியில் முகம் புதைத்து அழுதான். நீ மேடையில் அவனைத் துரோகி என்றது என் காதுக்கும் வந்தது. கடைசி மாதம் முழுக்க அப்பாவுக்கு மருந்து ஊட்டியவன் அவன்தான். உன்னிடம் இதைச் சொல்ல எனக்கென்ன பயம்?

குலத்தின் தலைவர் கட்டுகிற அப்பாவின் தலைப்பாகை ஷஹ்தாதுக்குப் போகக்கூடாது, உன் மகன் ஹம்மலுக்குத்தான் கட்ட வேண்டும் என்று நீ போனில் சொன்னதைக் கிழவர்கள் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். நாற்பதாம் நாள் கட்டுவதாக முடிவு.

அவனுக்குப் பத்தொன்பது வயது, தம்பி. நீ போனபோது ஏழு. அதைக் கட்டின தாத்தா ஜெயிலில் செத்தார். பெரியப்பாவை மலையில் சுட்டார்கள். அப்பா பதினொரு வருஷம் உள்ளே இருந்தார். இவன் தலையில் ஏறினால் மறுநாளே வாசலில் ஜீப் நிற்கும். உன் மனைவி சாஸின் என்ன செய்கிறாள் தெரியுமா? மகனின் செருப்பை எடுத்துத் தன் கட்டிலுக்கடியில் வைத்துக்கொண்டு படுக்கிறாள்.

துணி நைந்துவிட்டதே, கடையில் புதிது வாங்கலாமா என்று நேற்று ஒரு பேச்சுக்குக் கேட்டேன். கம்பளத்துக் கிழவர்களில் ஒருவரான மீரோ மாமா எரிந்து விழுந்தார். "மூணு தலை கண்ட துணிம்மா அது! அது இல்லேன்னா கட்டறதே கிடையாது!" என்றார். எனக்கு அது போதும்.

அது இருக்கிற பெட்டியின் சாவி என்னிடம்தானே இருக்கிறது. மஸ்கட் போகிற ஒருவர் கையில், அங்கிருந்து உனக்குத் தபாலில் போடச் சொல்லி, இந்தக் கடிதத்தோடு ஒரு பொட்டலமும் கொடுத்திருக்கிறேன். மேலே உனக்குப் பிடித்த காய்ந்த தயிர் உருண்டை. அடியில் அப்பாவின் தலைப்பாகை. துவைக்கவில்லை, அவர் வியர்வை வாசம் அப்படியே இருக்கிறது. இது உன் கைக்கு வருவதற்குள் நாற்பதாம் நாள் முடிந்து, ஊரே என்னைத் திட்டித் தீர்த்திருக்கும். திட்டட்டும்.

உனக்குரியது உன்னிடம் வந்துவிட்டது. கண்ணாடி முன்னால் நின்று நீயே கட்டிக்கொள். கட்டிவிட அங்கே ஓர் ஆள் இல்லைதான். அழுகை வந்தால் அதிலேயே முகத்தைத் துடைத்துக்கொள்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும். கிழவர்கள் கேட்பார்கள், கெஞ்சுவார்கள், உன் மகனே ரோஷப்பட்டுக் கேட்டாலும் கேட்பான். நான் உன்னிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை, தம்பி. அதைத் திருப்பி மட்டும் அனுப்பிவிடாதே.

உன் அக்கா,
கிராநாஸ்