பத்து மீற்றர் கேபிளும் சுகி அக்காவின் கலியாணமும்

யூலை 6, ஞாயிறு

கச்சான் காற்று. கொடியில் போட்ட உடுப்பில் பாதி பக்கத்து வீட்டில். கேபிள் வாங்கியாயிற்று. நீலம், பத்து மீற்றர், இரண்டு முனைக்கும் கடைக்காரரே கிளிப் போட்டுத் தந்தார்.

காரணம்: அண்ணாவின் கொம்பியூட்டருக்கு வயிறு முட்டிவிட்டது. அவன் முதன்முதலாகத் தனியாக எடுத்த கலியாண வீடியோ. சுகி அக்காவுடையது. வீடு பாலையூற்றில், அவனோடு படித்தவர். என்னுடைய மெசின் அப்பாவின் ஒபிஸில் கழித்துவிட்ட கிழடு, ஆனால் உள்ளே காலி. பென் டிரைவில் ஏற்றி இறக்கினால் கார்த்திகை வந்துவிடும். ஆகவே ஹோலில் இருந்து என் அறைக்கு, யன்னல் வழியாக, கேபிள்.

ஒன்றையொன்று கண்டுபிடிக்க இரண்டு மெசினுக்கும் இலக்கம் கொடுக்க வேண்டும். கடைசி எண் அவனுக்கு 1, எனக்கு 2.

"ஏன் நான் ரெண்டு?"

"பிறந்த ஒழுங்கு."

ஒரு மணித்தியாலம் ஒன்றும் தெரியவில்லை. பார்த்தால் இரண்டிலும் 1 என்று போட்டிருக்கிறேன். ஒரே வீட்டில் இரண்டு மூத்த பிள்ளை இருக்க ஏலாதாம். மாற்றியதும் அவனுடைய மெசின் என் திரையில். அதற்கு 'எருமை' என்று பெயர் வைத்தேன். பிறகு அவனுடைய போல்டரை எனக்குத் திறந்துவிடும் இடத்தில் அண்ணா: "எல்லாத்துக்கும் உரிமை குடு. இல்லாட்டி ஒவ்வொண்டுக்கும் கேட்டுக்கொண்டு நிக்கும்." கொடுத்தேன்.

அப்பா கேபிளில் தடக்குப்பட்டார். "ஆர் இது, வீட்டுக்குள்ள கப்பல் கட்டி வச்சிருக்கிறது?"

யூலை 7, திங்கள்

நகல் எடுப்பு. போல்டர் நாலு. 1 பொம்பிளை வீடு. 2 மாப்பிள்ளை வருகை. 3 தாலி. 4 சாப்பாடு. முதல் இரண்டும் என் மெசினுக்கு வந்து சேர்ந்தன. அண்ணா குளிக்கப் போனான்.

"மூண்டையும் நாலையும் நீ இழுத்துப் போடு. வேற ஒண்டிலயும் கை வைக்காதை."

நான் என்ன செய்தேன் என்றால், இங்கிருந்தபடியே அவனுடைய மெசினில் இருந்த மூன்றாம் போல்டரை அழித்தேன். அந்த இடத்தில் ஒரு குறிப்பு: "தாலி அடகுக் கடையில். மீட்க: கொத்து ரொட்டி இரண்டு, கோழி போட்டது." அவன் கத்துவான், கொத்து வரும், மெசினின் குப்பைத் தொட்டியில் இருந்து எடுத்துக் கொடுப்பேன். இதுதான் திட்டம். அழிக்கும்போது ஆங்கிலத்தில் என்னவோ கேட்டது. எப்போதும்போல ஓம் அழுத்தினேன்.

துவாயோடு வந்தான். வாசித்தான். சிரித்தான்கூட. "சரி, எடு."

குப்பைத் தொட்டி காலி. அவனுடையதும். என்னுடையதும்.

கேபிள் வழியாகப் போய் அழித்தால் அது தொட்டிக்குப் போகாது. நேரே போய்விடும். இன்றைக்குத்தான் தெரியும்.

கமெரா இரவல். கப்பல்துறையில் இருக்கிற அவனுடைய கூட்டாளி தந்தது, கார்ட்டும் கூட்டாளியுடையதுதான். அண்ணா போன் எடுத்தான். ஸ்பீக்கரில்.

"மச்சான், கார்ட்டில இருந்தது கிடக்கோ?"

"இல்லையடா, துடைச்சுப்போட்டு நேற்றுத் திருவிழா எடுத்தனான். ஏன்?"

"சும்மா."

எனக்கு அவன் ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

யூலை 8, செவ்வாய்

கொம்பியூட்டர் திருத்துபவரிடம் அண்ணாவின் மெசினைக் கொண்டு போனோம். மூன்று மணித்தியாலம். கோப்புகள் வந்தன, பெயரெல்லாம் சரி. திறந்தால் சாம்பல் நிறம்.

"மேல வேற ஏதோ எழுதுப்பட்டுட்டுது தம்பி. பேர்தான் மிச்சம்."

வீட்டுக்கு வந்து மூன்று பிட்டுச் சாப்பிட்டேன். ருசி தெரியவில்லை, பசியும் இல்லை, சாப்பிட்டேன். நகம் வெட்டினேன். அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தா. "ஏன் வாய் மூடிக் கிடக்கு? காய்ச்சலோ?" அழுகை வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை.

யூலை 9, புதன்

சுகி அக்கா வீடு. அண்ணா சொன்னான்: "கார்ட் பழுதாப் போச்சு. தாலி கட்டினது மட்டும் இல்லை." நான் நிலத்தைப் பார்த்தேன். சுவரில் இருந்து சுவருக்குப் பதினொரு மாபிள் கல்.

மாப்பிள்ளை கட்டாரில். கலியாணம் முடிந்து ஒன்பதாம் நாள் போனவர், ஒவ்வொரு நாளும் வீடியோ வந்துவிட்டதா என்று கேட்கிறாராம்.

பக்கத்து வீட்டுக்காரி ஒருவர்: "அவர் லீவில வரேக்க ஒருக்காக் கட்டி எடுத்தா என்ன?"

சுகி அக்காவின் அம்மா: "என்ன கதை கதைக்கிறீங்கள்? மாலையைத் திரும்பப் போடலாம், கேக்கைத் திரும்ப வெட்டலாம். தாலியை ரெண்டாம் தரம் கட்டுறதோ?"

கடைசியில் சுகி அக்கா: "முன்னுக்கு நிண்ட எல்லாரும் போன் பிடிச்சவையள்தானே. கேட்டுப் பாப்பம்."

யூலை 11, வெள்ளி

இரண்டு நாள், சைக்கிள், பதினான்கு போன். எல்லாவற்றையும் என் மெசினில் போட்டு, கேபிளால் அண்ணாவுக்கு அனுப்பினேன். இந்த முறை எதையும் அழிக்கவில்லை.

சுகி அக்காவின் பெரியப்பாவின் போன்: அண்ணாவின் முதுகு. ஒரு ரீச்சரின் போன்: அண்ணாவின் முதுகு, கொஞ்சம் இடதுபக்கம். சின்னப் பிள்ளை ஒன்று எடுத்தது: அண்ணாவின் இடுப்பு. மேளம் கேட்கிறது, அரிசி பறக்கிறது, நடுவில் கட்டம் போட்ட சேர்ட். ஒன்றில் பின்னால் யாரோ, "தம்பி, கொஞ்சம் விலகும், எங்களுக்கும் தெரியட்டும்."

அவன் விலகவில்லை.

பதினான்கையும் அண்ணா முழுக்கப் பார்த்தான். "நான் ஏன் அவ்வளவு கிட்டப் போய் நிண்டனான்?"

"நல்லா வரோணும் எண்டுதானே."

மெசினை நிறுத்திவிட்டு முற்றத்துக்குப் போய் நின்றான். வேறொரு கலியாணம் எடுக்கக் கேட்டிருந்தார்களாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அம்மா சொல்லித்தான் தெரியும்.

யூலை 12, சனி

வெயில். காற்று இல்லை. பதினான்கையும் பென் டிரைவில் போட்டுத் தனியாகக் கொண்டு போனேன். அண்ணாவுக்குச் சொல்லவில்லை.

சுகி அக்கா கதிரையை இழுத்துப் போட்டுப் பார்த்தார். நாலாவதில் சிரித்தார். "உன்ர அண்ணான்ர முதுகுதான் எனக்குத் தாலி கட்டியிருக்கு." இந்தப் பகிடியை நான் யோசிக்கவில்லையே என்று நினைத்தேன். நினைத்ததற்குப் பிறகு வெட்கமாக இருந்தது. இந்தக் கிழமையில் முதன்முதலாக ஏதோ ஒன்று உறைத்தது.

"பரவாயில்லை. கார்ட் பழுதானா ஆர் என்ன செய்யிறது."

"கார்ட் பழுதாகேல்லை அக்கா. நான்தான் அழிச்சனான். பகிடிக்கு."

வீடியோவை நிறுத்தினார். அண்ணாவின் முதுகு அப்படியே நின்றது. வெளியே மீன்காரரின் ஹோர்ன், போய்த் தேயுமட்டும் கேட்டது.

"அவனுக்குத் தெரியுமோ?"

"ஓம். அண்ணா என்னை மறைக்கத்தான் கார்ட் எண்டு சொன்னவர். இனி கலியாணம் எடுக்க மாட்டாராம்."

"நானும் இவருக்குக் கார்ட் எண்டுதான் சொல்லி வச்சிருக்கிறன். இவர் அவனைத்தான் ஏசிக்கொண்டிருக்கிறார்." போனை எடுத்தார். "நீயே சொல்லு."

மூன்றாவது மணியில் மாப்பிள்ளை எடுத்தார். சுகி அக்கா போன் திரையை என் பக்கம் திருப்பினார். மஞ்சள் தலைக்கவசம், பின்னால் ஏதோ இரும்பு. என்னை யாரென்று கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்துவிட்டது.

"வீடியோகாரத் தம்பின்ர தங்கச்சியெல்லோ. என்ன, தாலி கட்டினது கிடைச்சிட்டுதோ?"