குந்தி எழும் பேண்ட், முப்பத்தொன்பதாம் நம்பர் ஷூ

மார்ச் 3, திங்கள்

ஹோட்டல்காரர்களிடமிருந்து கடிதம்! ஐந்து கட்டடத்துக்கும் மாப், துடைப்பம், பினாயில் எல்லாவற்றையும் ஒரே கடையில் வாங்கப் போகிறார்களாம். நாலு வியாபாரிகளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதில் நான் ஒருத்தி. மேஜை போட்டுப் பேச்சு கிடையாது. கொள்முதல் மேலாளர் சமையற்கூடம், சலவைக்கூடம், மாடி மாடியாக நடத்திக் கூட்டிப்போவார். நடக்க நடக்கப் பேச்சு. 12ஆம் தேதி. அடியில் தடித்த எழுத்தில்: முழுக்கால் பேண்ட், மூடிய ஷூ கட்டாயம்.

எனக்கு வயது ஐம்பத்தொன்று. பேண்ட் போட்டதே இல்லை. இருபது வருடமாக ரப்பர் செருப்பு. ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல நின்றால் குதிகாலில் ஆணி அடித்த மாதிரி இருக்கும்.

தம்பி கடிதத்தைப் பார்த்துவிட்டு, "அக்கா, நான்தான் பேண்ட்டோடவே பொறந்தவனாச்சே, நான் போயிட்டு வரேன்" என்றான். எங்கள் கடையில் பாதிப் பங்கு அவனுடையது. தங்கமான குணம். ஆனால் எதிராளி இருமினாலே விலையைக் குறைத்துவிடுவான். அவன் போனால் ஆர்டர் வரும், லாபம் வராது.

நான்தான் போகிறேன்.

மார்ச் 4

ஷூ கடை. முதலில் காட்டியதெல்லாம் கொக்கு மூக்கு. கடைசியாக ஒரு கறுப்பு ஜோடி, முன்பக்கம் அகலம். காலை விட்டேன் — அடடா! ஒவ்வொரு விரலுக்கும் தனி அறை கொடுத்த மாதிரி. மடக்கிப் பார்த்தேன், விரல் மடங்கும் இடத்தில் மடங்கியது, நடுவில் விறைப்பாக நின்றது. நல்ல அடிப்பாகம்.

"எத்தனை நாள் உழைக்கும்?"

"கம்பெனி ஒரு வருஷம்னு சொல்லுதும்மா. உங்களைப் பார்த்தா உட்காராத ஆளு மாதிரி தெரியுது. எட்டு மாசம்னு வச்சுக்கங்க" என்றாள் விற்கிற பெண்.

உண்மையைச் சொல்லி விற்கிறாளே! மனசு குதித்தது. முகத்தில் காட்டுவேனா? உதட்டைப் பிதுக்கி, "சுமார்தான்" என்று வெளியே நடந்தேன். ஏழாவது அடியில் கூப்பிடுவார்கள். எந்தக் கடையிலும் அதுதானே வழக்கம்.

ஏழு. பத்து. தெருமுனை. யாரும் கூப்பிடவில்லை.

அப்புறம்தான் பலகை கண்ணில் பட்டது: ஒரே விலை. திரும்பிப் போக வெட்கமாக இருந்தது. எனக்கு! வெட்கம்!

மார்ச் 5

கடை திறக்குமுன்பே போய் நின்றேன். அலமாரியில் அந்த ஜோடி இல்லை. முப்பத்தொன்பதாம் நம்பரில் அது ஒன்றுதான் இருந்தது.

அந்த விற்கிற பெண் மேஜைக்கு அடியிலிருந்து பெட்டியை எடுத்தாள். "நேத்தே எடுத்து வச்சுட்டேன்மா. எங்கம்மா காய்கறி வியாபாரம். அவங்களும் இப்படித்தான், பிடிச்ச பொருளைத் திட்டிட்டுத்தான் வருவாங்க."

கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். பேரம் பேசாமல் வாங்கினேன். யாரிடமும் சொல்லப் போவதில்லை.

மார்ச் 8, சனி

கடைகளில் தைத்து விற்கிற பெண்கள் பேண்ட்டில் பாக்கெட் இருக்கும் இடத்தில் ஒரு கோடு. விரல் நுழையாது. வெறும் கோட்டைத் தைத்து விற்கிறார்கள், நமக்கு இந்த வித்தை தெரியாமல் போயிற்றே!

தையல்காரரிடம் போனேன். துணியிலிருந்து ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டினேன். பாலியஸ்டர் மாதிரி உருகி மணியாக உருளாமல் சாம்பலாக உதிர்ந்தது. பருத்திதான்.

"பாக்கெட் எவ்வளவு ஆழம்மா?"

"என் கையை முழுங்கணும்."

"இடுப்பு?"

"சாப்பிட்ட பிறகும் மூச்சு விடணும்."

சாயங்காலம் போட்டுப் பார்த்துக் குந்தினேன். டர்ர்ர்.

"கிழிஞ்சது பேண்ட் இல்லம்மா, என் மானம்" என்று தலையில் கைவைத்துக்கொண்டார். துணி நின்றது, தையல்தான் விட்டது. கால் சேரும் இடத்தில் சதுரமாக ஒரு துண்டு வைத்துத் தைத்தார். பத்துத் தடவை குந்தி எழுந்தேன். பத்தாவது தடவை அவரே கைதட்டினார்.

மார்ச் 10

வீட்டுக்குள் ஷூவோடு நடந்து பழகுகிறேன். "போலீஸ் வந்துட்டாங்கன்னு நினைச்சேன்" என்கிறார் வீட்டுக்காரர். கொப்புளம் இல்லை.

மார்ச் 12, புதன்

குதிகாலே, நீ என் குதிகால்தானா?

மேலாளர் அம்மாவுக்குக் கால் அல்ல, சக்கரம். மற்ற மூன்று வியாபாரிகளும் பளபளவென்று கூர்முனை ஷூ. இரண்டாவது கட்டடத்தில் ஒருவர் படியில் உட்கார்ந்தார். நாலாவதில் இருவருக்கு ஒரே நேரத்தில் அவசர போன் வந்தது. ஐந்தாவதில் நானும் அந்த அம்மாவும் மட்டும்.

சலவைக்கூடத்தில் சொன்னார்: "மாப் வாங்கி மாளலைங்க. எதுவும் ஒரு மாசம் தாங்க மாட்டேங்குது."

குந்தித் தரையைத் தடவினேன். ஓடுகளின் விளிம்பெல்லாம் சில்லுசில்லாகப் பெயர்ந்து, ரம்பம்.

"மாப் மேல தப்பில்லைங்க. தரை கடிக்குது."

அவரும் குனிந்து தடவினார். அப்புறம் விலையில் எவ்வளவு குறைப்பீர்கள் என்றார். காசு குறையாது என்றேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். "தரையைச் சரி பண்ணுங்க, இப்ப வாங்கறதுல பாதி மாப் போதும்" என்று சேர்த்துச் சொல்லித் தொலைத்தேன்.

அடி பைத்தியமே! எந்த வியாபாரியாவது இப்படிச் சொல்வாளா?

தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். "நான் விலையைக் குறைச்சுடுவேன்னுதானே நீ போன? நீ சரக்கையே குறைச்சுட்டு வந்திருக்க!"

ஷூவைத் துடைத்து வைத்தேன்.

மார்ச் 17

போன் வரவில்லை. தம்பி என்னைப் பார்த்து இருமுகிறான், போக்கிரி.

ஏப்ரல் 7, திங்கள்

ஹோட்டலுக்கு முதல் லோடு போனது. என் விலைக்கே. மேலாளர் அம்மா போனில் சொன்னது: "மத்த மூணு பேரும் அப்புறம் போன் பண்ணி இன்னும் நிறைய வாங்கச் சொன்னாங்க. நீங்க ஒருத்தர்தான் கம்மியா வாங்கச் சொன்னீங்க."

மதியம் இன்னொரு கடிதம். ஆறாவது கட்டடம் கட்டுகிறார்கள், ஒன்பது மாடி. என்ன தரை போடலாம் என்று முடிவு செய்யுமுன் நான் வந்து பார்க்க வேண்டுமாம்.

தம்பி படித்தான். மடித்து என் மேஜையில் வைத்தான். "எத்தனை மணிக்குக் கிளம்பற, அக்கா?" என்று மட்டும் கேட்டான்.

அங்கே லிஃப்ட் இன்னும் வைக்கவில்லையாம். மெதுவாகவே வைக்கட்டும்.