அடைப்புக்குறிக்குள் சிரிப்பு

அன்புள்ள அம்மாவுக்கு,

பஸ்ஸால் மேடேற முடியாமல் இறங்கி நடந்ததாக எழுதியிருந்தாயே, முழங்கால் இப்போது தேவலையா? லிஸ்பனில் எனக்கு அலுப்பைத் தவிர ஒரு குறையும் இல்லை.

நேற்று நாடாளுமன்றக் குழு மின்சாரப் பேருந்துத் திட்டத்தை விசாரித்தது. அங்கே பேசுவதையெல்லாம் எழுதுவதுதானே என் வேலை. "எல்லா மலையூருக்கும் பஸ் விட்டாச்சு," என்றார் அமைச்சர். உறுப்பினர் டெல்மிரா நம் ஊர்ப் பெயரைச் சொல்லி, "அங்க மேடு வந்தா ஜனங்க இறங்கி நடக்கணுமாமே?" என்று கேட்டார்.

"நடந்தா உடம்புக்கு நல்லதுதானே மேடம்," என்றார் அவர்.

எல்லோரும் சிரித்தார்கள். வழக்கப்படி அடைப்புக்குறிக்குள் 'சிரிப்பு' என்று எழுதினேன்.

கம்பளிக் காலுறையும் கொஞ்சம் உலர்ந்த அத்திப்பழமும் அனுப்பு. குழு கூடிவிட்டது, போக வேண்டும். மேட்டில் இறங்கச் சொன்னால் இறங்காதே, அம்மா. உட்கார்ந்தே இரு.

உன் அமாடெயு